தானாக வரட்டும் என்று விடுவதா, நாள் குறிப்பதா, முதலிலிருந்து தொடங்குவதா?

சேர்ந்து வாழத் தொடங்கி எட்டு, பத்து, பதினைந்து வருடம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை, பாசம் குறையவில்லை, ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் ஒன்றும் நடப்பதில்லை, நடந்தாலும் எங்களில் ஒருவருக்கு அது 'முடிந்தால் சரி' என்றுதான் இருக்கிறது, என்ன செய்வது? யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நாள் குறித்துக்கொள் என்கிறார் ஒருவர். குறித்தால் ஆசை செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். புதிதாக எதையாவது முயன்று பார் என்பார்கள், டாக்டரைப் பார் என்பார்கள். எல்லாமே யாரோ சிலருக்குப் பலித்தவைதான், குழப்பம் வருவதே அதனால்தான்.

நாங்கள் பொருந்தாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை வருடம் கஷ்டப்பட்டவர்கள். இரண்டாவது குழந்தை பிறந்து ஆறேழு மாதம் கழித்து, வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை இரவு என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் எனக்கு அப்போது உறவின்போது வலித்தது. சொல்லவில்லை. சரியாகிவிடும் என்று நினைத்தேன், அவர் மனம் கஷ்டப்படுமே என்றும் நினைத்தேன். சில மாதங்களில் சனிக்கிழமை விடிந்தாலே என் வயிறு இறுக ஆரம்பித்தது. அவருக்கோ, நான் அவரை ஒதுக்குகிறேன் என்ற எண்ணம். நாள் குறிப்பதில் குறை ஒன்றும் இல்லை, எங்கள் சிக்கலுக்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான். எது நல்ல வழி என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் இருவருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்பது எது என்று தெரிய வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் அதுதான், தடை எது. உடலா, களைப்பா, உள்ளே கிடக்கும் கோபமா, வெறும் சலிப்பா. நான்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், 'இப்போதெல்லாம் மனசே வருவதில்லை' என்கிற ஒரே வாக்கியமாகத்தான் வெளியே வரும். வீட்டு வேலை, குழந்தை, கணக்கு வழக்கு என எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுகிற வீட்டில் அந்த ஒருவருக்கு ஆசை எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை, அது களைப்பிலும் கோபத்திலும் புதைந்து கிடக்கிறது.

இரண்டாவது, சுமை யார் மேல் ஏறுகிறது. அநேகமாக எல்லா ஜோடியிலும் ஒருவருக்கு ஆசை கொஞ்சம் கூடுதல், ஒருவருக்குக் குறைவு. இது ஆண், பெண் கணக்கு இல்லை, மனைவிக்குக் கூடுதலாக இருக்கிற வீடுகள் நிறைய உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதுதான் குறைவு. குறைவாக இருப்பவரை மட்டும் 'நீ மாறிக்கொள்' என்று தள்ளுகிற எந்த வழியும் நீண்ட நாள் ஓடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: அந்த வழியில் போகும்போது 'இன்று வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கிறதா? சொன்ன பிறகு முகம் தூக்கிக்கொள்ளாமல் அந்த இரவைக் கழிக்க முடிகிறதா? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லும் 'சரி'க்கு மதிப்பே இல்லை. பயத்தினாலோ மிரட்டலினாலோ சொல்லப்படுகிற சரி என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை, அது வன்முறை, அங்கே முதலில் தேவை பாதுகாப்பு.

நான்காவது, பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும், அதுவரை இருவருக்கும் பொறுமை இருக்கிறதா.

எண்ணிக்கையை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 'வாரத்துக்கு எத்தனை தடவை சரி?' என்று கேட்காதவர் இல்லை. ஏமி மியூஸும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைப் பார்த்தார்கள். துணையோடு வாழ்கிறவர்களுக்கு வாரம் ஒரு முறை வரை எண்ணிக்கை கூடக்கூட மனநிறைவும் கூடியது, அதற்கு மேல் போனவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இது சராசரி. மாதம் இரண்டு முறையில் நிறைவாக இருக்கும் ஜோடியும், வாரம் மூன்று முறை நடந்தும் ஏங்குகிற ஜோடியும் இதற்குள்ளேயே இருக்கிறார்கள். அதனால் எண்ணுவதை விடுங்கள்.

## தானாக வரட்டும் என்று விடுவது

தடை தற்காலிகமானது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் இதுதான் சிறந்த வழி. கைக்குழந்தை, வீட்டில் ஒரு சாவு, நோயிலிருந்து தேறுகிற நாட்கள், வேலை போன மாதங்கள். இந்த நேரத்தில் ஆசையைப் பற்றிய பேச்சே சுமைதான். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு கடந்துவிட்டால் போதும்.

ஆனால் காரணம் தெரியாமல் காத்திருப்பது வேறு. ஆசை என்பது பசி மாதிரி தானாக எழும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சிலருக்கு அப்படித்தான் எழுகிறது, உறவின் முதல் ஓரிரு வருடங்களில் நிறையப் பேருக்கு அப்படி. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு வகையை விளக்கினார். நீண்ட நாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு முதலில் ஆசை வருவதில்லை. நெருக்கம் வேண்டும் என்ற மனம் இருக்கிறது, தொடுதல் தொடங்குகிறது, உடல் இளகுகிறது, ஆசை அதற்குப் பிறகு வருகிறது. ஆண்களிலும் இப்படி இருப்பவர்கள் உண்டு. இது குறைபாடே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒருவர் 'ஆசை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருந்தால், அடுப்பைப் பற்றவைக்காமல் தண்ணீர் கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது போலத்தான்.

இதன் மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. காத்திருக்கும் காலத்தில் உடலுறவு மட்டும் நின்றுபோவதில்லை, தொடுவதும் நின்றுபோகும். கட்டிப்பிடித்தால் 'அதற்காகத்தான்' என்று அவர் நினைப்பாரோ என்று ஒருவர் விலகுவார், விலகுகிறாரே என்று மற்றவர் கையை நீட்டவே மாட்டார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சோஃபாவில் இரண்டு மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எதிலும் போய் முடியாத அணைப்பும் முத்தமும் தொடரும், மூன்று மாதம் கழித்து இதைப் பற்றி மறுபடி பேசுவோம்.

## நாள் குறித்துக்கொள்வது

களைப்பும் நேரமின்மையும்தான் தடை என்றால் இதைவிட எளிய வழி இல்லை. திட்டமிட்டால் இயல்பு போய்விடும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது, காதலித்த நாட்களிலும் நீங்கள் திட்டமிட்டுத்தான் சந்தித்தீர்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன உடை என்று எல்லாம் யோசித்துத்தான் போனீர்கள், அந்த யோசனையிலேயே பாதி ஆசை இருந்தது.

எதைக் குறிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'சனிக்கிழமை உறவு' என்று குறித்தால் அது பரீட்சை. 'சனிக்கிழமை இந்த ஒரு மணி நேரம் நாம் இருவர் மட்டும், கதவு சாத்தியிருக்கும், போன் வெளியே இருக்கும், என்ன நடக்கிறதோ நடக்கட்டும்' என்று குறித்தால் அது நேரம் ஒதுக்குவது. வெறுமனே படுத்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த நேரம் தோற்றதாகாது. அப்புறம், நாளின் கடைசியில் மிச்சமிருக்கும் களைத்த அரை மணியை ஒதுக்காதீர்கள். காலை நேரமோ மதிய நேரமோ கிடைத்தால் அதுவே மேல்.

செலவு என்ன என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரோடு இருந்தவர்களும் 64 தம்பதிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரிடம் 90 நாட்களுக்கு உடலுறவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த முடிவு: அவர்கள் மகிழ்ச்சி கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது, ஆசையும் இன்பமும்கூடக் குறைந்தன. வெளியிலிருந்து வந்த கட்டளை ஆசையைத் தின்றுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. என் சனிக்கிழமைகளும் அதே கதைதான், கட்டளை போட்டது நாங்களேதான் என்பது மட்டும் வித்தியாசம்.

வலி இருந்தாலோ, ஒருவர் மேல் ஒருவருக்குத் தீராத கோபம் இருந்தாலோ இந்த வழி வேண்டவே வேண்டாம்.

## முதலிலிருந்து, வெறும் தொடுதலோடு தொடங்குவது

இது பலருக்குத் தெரியாத வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் உருவாக்கி 1970இல் வெளியுலகுக்குச் சொன்னது, பாலியல் சிகிச்சையாளர்கள் இன்றைக்கும் பயன்படுத்துவது.

சில வாரங்களுக்கு உடலுறவு கூடாது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறீர்கள். உண்மையிலேயே கூடாது, ஆசை வந்தாலும் கூடாது. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒருவர் படுத்திருக்க மற்றவர் அவரைத் தொடுகிறார், மார்பையும் அந்தரங்க உறுப்புகளையும் விட்டுவிட்டு. பதினைந்து இருபது நிமிடம் போதும், பிறகு இடம் மாறிக்கொள்கிறீர்கள். கிளர்ச்சி ஊட்டுவது இதில் நோக்கமே இல்லை. தொடுகிறவர் கவனிக்க வேண்டியது தோலின் சூடு, மிருது, எலும்பு தட்டுப்படும் இடம் இவற்றைத்தான். படுத்திருப்பவருக்கு ஒரே ஒரு பொறுப்பு, பிடிக்காத இடத்தில் கை பட்டால் சொல்லிவிடுவது. பல முறை இப்படி ஆனபிறகு, இருவரும் பதற்றமில்லாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகுதான் மார்பும் அந்தரங்க உறுப்புகளும் சேரும், அதற்கும் வெகு பின்னால்தான் உறவு.

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் இது செய்யும் வேலை பெரிது. 'இது எங்கே போய் முடியுமோ' என்ற பயம் உள்ளவருக்கு முதல் முறையாக முடியும் இடம் தெரிந்துவிடுகிறது. விறைப்பு வருமா வராதா, உச்சம் வருமா வராதா என்று தன்னைத்தானே வேவு பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு வலி நின்ற பிறகும் பயம் போகவில்லை, கை பட்டாலே உடல் இறுகும். அதைக் கரைத்தது இதுதான். மூன்றாவது வாரம் என் தோள்பட்டையில் அவர் கை இருந்தபோது நான் தூங்கிப்போனேன். இருவருக்குமே அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

செலவும் உண்டு. முதல் வாரங்களில் செயற்கையாக இருக்கும், கூச்சமாக இருக்கும். ஆசை கூடுதலாக உள்ளவருக்கு இது நீண்ட விரதம் போலத் தோன்றும், அவர் பாதியில் விதியை மீறினால் கட்டியது எல்லாம் சரிந்துவிடும். கூடுதல் ஆசையின் பாரத்தை அவர் தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

## புதிதாக எதையாவது முயல்வது

சலிப்புதான் தடை, மற்றபடி உடலும் மனமும் நன்றாக இருக்கின்றன என்றால் மட்டும். ஆர்தர் ஆரனும் அவருடன் இருந்தவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில், புதிதும் விறுவிறுப்புமான ஒன்றைச் சேர்ந்து செய்த ஜோடிகள், வழக்கமான ஒன்றைச் செய்தவர்களைவிடத் தங்கள் உறவைப் பற்றி நல்லதாக உணர்ந்தார்கள். அது படுக்கையறைக்கு வெளியே நடந்தது என்பதைக் கவனியுங்கள். சேர்ந்து ஒன்றைக் கற்றுக்கொள்வதுகூடப் போதும்.

படுக்கையறைக்குள் புதுமை என்றதும் உடை, பொருள், இடம் என்றே மனம் ஓடுகிறது. வேண்டுமானால் செய்யுங்கள். ஆனால் எத்தனையோ வீடுகளில் பதினைந்து வருடம் ஆகியும் பழையதையே தெரிந்துகொள்ளவில்லை. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 52,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். நெருக்கத்தின்போது வழக்கமாக உச்சம் அடைகிறோம் என்றவர்கள், பெண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 95 சதவீதம், ஆண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 சதவீதம், பெண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 86 சதவீதம். ஆக, பெண்ணின் உடல் கடினமானது என்ற சமாதானம் நிற்காது. பிறப்புறுப்பின் மேல்புறத்தில் இருக்கும் கிளிட்டோரிஸ்தான் பெண்ணின் இன்பத்துக்கு முதன்மையான உறுப்பு. வெளியே தெரிவது சின்ன நுனி, பெரும்பகுதி உள்ளே விரிந்து கிடக்கிறது, ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் இதை விரிவாக விளக்கினார். உள்நுழைவதால் மட்டும் பல பெண்களுக்கு உச்சம் வராது, கையாலும் வாயாலும் தூண்டுவது சேரும்போது வாய்ப்பு கூடுகிறது. 'உனக்கு எங்கே, எப்படிப் பிடிக்கிறது, காட்டு' என்று கேட்பதுதான் பல வீடுகளில் இதுவரை நடக்காத புதுமை.

மறைமுகச் செலவு, ஒப்பீடு. ஆபாசப் படத்தில் பார்த்ததை அப்படியே கேட்பது துணைக்கு 'நீ போதவில்லை' என்றுதான் கேட்கும். ஒவ்வொருவரும் தனியாகப் பட்டியல் எழுதி, இரண்டிலும் இருப்பதை மட்டும் முயல்வது பாதுகாப்பான முறை.

## மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பது

வலி, திடீர் மாற்றம், புதிய மாத்திரை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மற்ற வழிகளைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இங்கே வாருங்கள். இதைக் கடைசி வழியாக எல்லோரும் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்திருக்கும், பிறப்புறுப்பு வறண்டு வலிக்கும். எனக்கு நடந்தது அதுதான். லூப்ரிகன்ட், அதாவது உறவின்போது வறட்சிக்குத் தடவும் வழவழப்பான திரவம், அது ஒன்றே பெரும்பகுதியைத் தீர்த்தது, ஆனால் லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய் வகை கூடாது, அது ஆணுறையைக் கெடுக்கும், தண்ணீர் வகையோ சிலிகோன் வகையோ வாங்குங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி வேறு, அது தானாகப் போகாது, விட்டால் கூடும். பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்துகள் அதற்கு நன்றாக வேலை செய்கின்றன, உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆண்களுக்கு விறைப்புக் குறைவதை வயது, டென்ஷன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை, அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள அது ஒரு காரணம். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை (வயாகரா) 1998இலிருந்து கிடைக்கிறது, பலருக்கு உதவுகிறது, ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்வது இதனால்தான் தவறு.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் பலருக்கு ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையோ மருந்தையோ மாற்ற முடியும், சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

கோபமும் பழைய காயமும் தடை என்றால் ஆலோசகர். பணமும் நேரமும் ஆகும், பல மாதங்கள்கூட ஆகலாம், நடுவில் ஒரு கட்டத்தில் சண்டை கூடியது போலவும் தோன்றும். துணையைக் கண்டு பயப்படுகிற நிலை என்றால் மட்டும் ஜோடியாகப் போகாதீர்கள், தனியாகப் போங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைமுகச் செலவு | பலன் தெரிய |
|---|---|---|---|
| தானாக வரட்டும் | தற்காலிகக் காரணம், இருவருக்கும் தெரிந்தது | தொடுதலும் சேர்ந்து நிற்கும் | மூன்று மாதம் வைத்துப் பாருங்கள் |
| நாள் குறிப்பது | களைப்பு, நேரமின்மை | கடமையாகிவிடும் | சில வாரம் |
| தொடுதலிலிருந்து | பயம், பதற்றம், நீண்ட இடைவெளி | கூச்சம், ஒருவரின் பொறுமை | ஒன்றிரண்டு மாதம் |
| புதுமை | சலிப்பு மட்டும் | ஒப்பீடு, மனக்காயம் | உடனே தெரியும், நீடிக்காமலும் போகலாம் |
| மருத்துவர், ஆலோசகர் | வலி, திடீர் மாற்றம், மாத்திரை, பழைய கோபம் | பணம், சொல்லத் தயக்கம் | காரணத்தைப் பொறுத்தது |

இதில் இல்லாத ஒரு வழியும் உண்டு, எதையும் மாற்றாமல் இருப்பது. இருவருக்கும் உண்மையாகவே குறைவாகத்தான் வேண்டும், யாரும் ஏங்கவில்லை என்றால் சரிசெய்ய இங்கே எதுவும் இல்லை. வெளியே இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து, உள்ளே பேச முடியாத இருவர் அதை எடுத்தால் பேச வேண்டியது இன்னும் பல மடங்கு கூடும், அவ்வளவு பேச்சுக்கு அவர்களிடம் பழக்கமே இருக்காது.

எந்த வழி என்றாலும் பேச்சில்தான் தொடங்க வேண்டியிருக்கும், அதைப் படுக்கையில் தொடங்காதீர்கள், உறவு சரியாக நடக்காத இரவில் கண்டிப்பாக வேண்டாம். பகலில், நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ, முகத்துக்கு நேரே பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் வார்த்தை எளிதாக வரும். நான் சொன்னது துணி மடித்துக்கொண்டிருந்தபோது. ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. 'எனக்கு வலிக்கிறது, ஒரு வருடமாக வலிக்கிறது' என்றேன். அவர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, 'என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்' என்றார்.